உங்களுக்குத் தெரியுமா? கின்னிக்கோழி சேவலா, பெட்டையா? காதுதான் சொல்லும்!

கொல்லையில் மேயும் கின்னிக்கோழியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஆணா பெண்ணா என்பது எளிதில் பிடிபடாது. அதே புள்ளிச் சிறகு, அதே மொட்டைத் தலை, அதே கொம்பு. குரலைக் கேட்டால் போதும்: இரண்டு அசையில் கூப்பிடுவது பெட்டை மட்டுமே. முதல் அசை குட்டையாக விழும். இரண்டாவது நீண்டு மேலே ஏறும். சேவலுக்கு இது வரவே வராது.

• பெட்டையோ சேவலைப் போல ஒற்றை அசையிலும் கத்தும். அதனால் ஒற்றைக் குரலை மட்டும் கேட்டு முடிவு கட்டிவிடாதீர்கள்.

• பிறப்பிடம் ஆப்பிரிக்கா. கூட்டமாகவே வாழும் பறவை. பொரித்த நாளிலிருந்து தனியாக ஆள் கையில் வளரும் குஞ்சு, வளர்ப்பவரையே தன் கூட்டமாக எண்ணிக் காலடியிலேயே சுற்றும். கண்ணுக்கு மறைந்தால் போதும், விடாமல் கூப்பிட ஆரம்பித்துவிடும். பாசமான பறவைதான், ஆனால் தனிமை அதற்கு ஆகாது.

• முட்டை பொரிய 26 முதல் 28 நாள். நாட்டுக்கோழி முட்டைக்கு 21 நாள்தான். குஞ்சுக்கு ஈரமும் குளிரும் எமன்.

• நன்றாகப் பறக்கும். இருட்டினால் மரக்கிளை தேடும்.

• அந்நியர் வந்தால் தெருவே கேட்கக் கத்தும்.

ஒன்றே ஒன்றுதான் வளர்க்க முடியும் என்றால், துணைக்கு ஒரு நாட்டுக்கோழியையாவது சேர்த்து விடுங்கள். அக்கம்பக்கத்தாரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.