கத்தாதே, காரே!

பழைய ஃபியட் கார் வைத்திருக்கும் குடும்பத்தைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். காரை விட்டு இறங்கிப் பத்து நிமிஷம் ஆன பிறகும் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள்.

"சின்னமனூர்ல ஒரு காபி குடிப்போமா?" என்று பின் சீட்டிலிருந்து மனைவி கேட்பார். "ஆமா, நெல்லு நல்லாத்தான் வெளஞ்சிருக்கு" என்று முன் சீட்டிலிருந்து பதில் வரும். கல்யாணமாகி ரொம்ப வருஷமான தம்பதிகளுக்கு இது ஒரு சௌகரியம் என்று சொல்பவர்களும் உண்டு. (நான் சொல்லவில்லை!)

ஃபியட் 1100 என்று பிறந்து, 1970-களின் நடுவில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய கார் இது. நாலு சிலிண்டர், 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர். 2000-ஐ ஒட்டி உற்பத்தி நின்றது. மும்பையில் டாக்ஸியாக ஓடிக்கொண்டிருந்த கடைசி பத்மினிகளும் 2023 அக்டோபரில் ரிட்டயர் ஆகிவிட்டன. ஆனால் அப்பா வாங்கியது, மாமா கொடுத்தது என்று இன்னமும் சிலர் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. இப்போது அதைத் துடைத்து, பாலிஷ் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்ப்பதில் இளைஞர்களுக்கு ஒரு குஷி. ஓட்டிய கையோடு வருகிற முதல் புகார், 'ஙொய்ய்ய்...' என்ற ரீங்காரம்.

உடனே என்ன செய்கிறார்கள்? ஒரு மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொட்டி, தரை முழுக்க ஷீட் ஒட்டுகிறார்கள். நான் பி.காம். எங்கள் பாடத்தில் முதல் விதி: ஓட்டைக் கல்லாவில் பணம் போடாதே. காருக்கும் அதே விதிதான். முதலில் ஓட்டையை அடையுங்கள். ஷீட் அப்புறம்.

பாத்ரூம் பாகவதர்

அந்த ரீங்காரம் எங்கிருந்து வருகிறது? பாத்ரூமில் பாடுகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பாடிக்கொண்டே போகும்போது ஏதோ ஒரு சுருதியில் மட்டும் பாத்ரூமே சேர்ந்து முழங்கும். நமக்கே நம் மீது மரியாதை வந்துவிடும். அறையின் நீளத்துக்குப் பொருந்திய சுருதி அது.

காருக்குள்ளும் அதே கதை. நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கிறது. நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால் விநாடிக்கு 50 சுற்று, 100 வெடிப்பு. சிறிய காரின் உட்புறம் முன்கண்ணாடியிலிருந்து பின்பக்கம் வரை சுமார் 1.7 மீட்டர் என்று வையுங்கள். அந்த நீளத்துக்கு ஒத்து முழங்கும் ஒலியும் விநாடிக்கு 100 அதிர்வுதான்! எஞ்சின் பாட, கார் ஜால்ரா போடுகிறது. மாருதி 800-க்கு மூன்றே சிலிண்டர். அதனால் அதே சுருதி அதில் 4000 சுற்றில் வரும்.

சந்தேகமிருந்தால், ரீங்காரம் வரும்போது பக்கத்து சீட்காரர் தலையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கட்டும். (ஓட்டுகிறவர் வேண்டாம், ப்ளீஸ்!) ஓரிடத்தில் சத்தம் சட்டென்று குறைந்து, இன்னோரிடத்தில் கூடும்.

இந்தத் தாழ்ந்த சுருதியை வெறும் ஸ்பாஞ்சால் விழுங்க முடியாது. நன்றாக விழுங்க வேண்டுமானால் ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் தடிமன் வேண்டும். அப்புறம் காரில் ஸ்பாஞ்ச் மட்டும்தான் போகும். நீங்கள் பின்னால் பஸ்ஸில் வரலாம்.

அத்தையின் தலைவலி

கம்பத்தில் என் தாய்மாமாவிடம் ஒரு பத்மினி இருக்கிறது. "இந்தக் காருக்கு ஹாரன் எதுக்கு மாப்ள? நாம கெளம்புறது கூடலூர்க்காரனுக்கே கேட்குமே" என்பார் பெருமையாக. மகளைக் கட்டிக் கொடுத்திருப்பது குமுளியில். மாதம் ஒரு தடவை லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறுவார்கள்.

சத்தம் பொறுக்காமல், ஒரு கடையில் தரை முழுக்க ஷீட் போட்டுக்கொண்டு வந்தார். சத்தம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அத்தைக்குத் தலைவலி வந்தது. மழைக்காலத்தில் மலை ஏறினால் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி. "மலைப்பாதைன்னா அப்படித்தான்" என்று கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தார்கள்.

எனக்குக் கணக்கு இடித்தது. "அத்தை, பஸ்ஸுல போறப்ப வருதா?"

"இல்லையேப்பா. பஸ்ஸுல நல்லாத் தூங்கிருவேன்."

"கார்ல கண்ணாடியை எறக்கி விட்டா?"

"காத்து வந்தா சரியாப் போயிருது. மழையில எங்கிட்டு எறக்க?"

அதே மலை, அதே வளைவு, அதே அத்தை. மாறுவது கண்ணாடி மட்டும். மாமாவை இழுத்துக்கொண்டு ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனோம். அவர் பேனட்டைத் திறந்து, எஞ்சினிலிருந்து புகைக்குழாய் கிளம்பும் இடத்தைக் காட்டினார். ஜாயின்ட்டைச் சுற்றிக் கரி அப்பியிருந்தது. கேஸ்கெட் போய்விட்டது. அடுத்து, மிதிகள் நுழையும் துவாரங்களைக் காட்டினார். ஷீட் ஒட்டியவர்கள் அங்கிருந்த ரப்பர் மூடிகளைக் கழற்றியவர்கள், திருப்பி மாட்டவே இல்லை.

"தம்பி, சத்தம் வர்ற ஓட்டையிலதான் பொகையும் வரும். சத்தத்தை மட்டும் அமுக்கிட்டுப் பொகையை உள்ள விட்டுட்டாங்க" என்றார்.

அந்தப் புகையில் இருப்பது கார்பன் மோனாக்ஸைடு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய நாற்காலியில், அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். ரத்தசோகை உள்ளவர்களையும் இதய நோயாளிகளையும் சீக்கிரம் தாக்கும். அத்தைக்கு ரத்தசோகை உண்டு. அந்தக் காலத்துக் கார்புரேட்டர் கார்களில் இந்த வாயுவைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கிடையாது. நம் நாட்டில் நாலு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானதே 1995-ல்தான்.

கேஸ்கெட்டும் ரப்பரும் மாற்றியாயிற்று. இப்போது அத்தை குமுளி வரை காரிலும் நன்றாகத் தூங்குகிறார். கண்ணாடி ஏற்றிய காரில் தலைவலி, கிறக்கம், குமட்டல் வந்து, இறங்கினால் சரியாகிறதா? எலுமிச்சம்பழம் போதாது. உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள், டாக்டரைப் பாருங்கள். சரி செய்யும்வரை அந்தக் காரைத் தொடாதீர்கள். கதவை மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடுவதும் கூடவே கூடாது.

காசில்லாத சோதனைகள்

ஒன்று: காரை வெட்டவெளியில் நிறுத்தி, நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்துங்கள். நிற்கும்போதே ரீங்காரம் வந்தால் குற்றவாளி எஞ்சின் அல்லது புகைக்குழாய்.

இரண்டு: ஆளில்லாத சமதளச் சாலையில், சத்தம் வரும் வேகத்தில் கிளட்சை ஒரு கணம் மிதியுங்கள். எஞ்சின் இறங்கியதும் சத்தமும் இறங்கினால் எஞ்சின் வகை. அப்படியே தொடர்ந்தால் டயர், வீல் பேரிங், புரொப்பல்லர் ஷாஃப்ட். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் உறுமல் கூடினால் வீல் பேரிங் மேல் சந்தேகப்படலாம். மலை இறக்கத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள்.

மூன்று: கதவு இடுக்குகளிலும் முன்கதவின் முக்கோணக் கண்ணாடி ஓரத்திலும் பேப்பர் டேப் ஒட்டி ஒரு ரவுண்டு போங்கள். விசில் சத்தம் நின்றால் அது காற்று. கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடிக் காற்றுக்கு எதிரே ஓட்டியவர்களுக்கு அந்த விசில் பழக்கம்தான். டேப்பைக் கிழித்துவிட்டுப் புது ரப்பர் பீடிங் போடுங்கள்.

நாலு: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் மடித்த தடித்த துணியால் புகைக்குழாயின் வாயை இரண்டு விநாடி மூடட்டும். வழியில் எங்காவது 'உஸ்ஸ்' என்று கேட்டால் அங்கே ஓட்டை.

கட்டுக்கம்பி என்னும் வில்லன்

சைலன்ஸருக்கு வருவோம். எஞ்சின் புகைக்கு சைலன்ஸர் என்று அமெரிக்காவில் 1897-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். துப்பாக்கி சைலன்ஸருக்கு 1909-ல் காப்புரிமை வாங்கிய ஹிராம் பெர்ஸி மாக்ஸிமின் அப்பாதான் மெஷின் கன்னைக் கண்டுபிடித்தவர். அப்பா போட்ட சத்தத்துக்கு மகன் பரிகாரம்!

கார் சைலன்ஸருக்குள்ளே அறைகளும் ஓட்டைபோட்ட குழாய்களும் இருக்கும். புகை அவற்றுக்குள் சுற்றி வரும்போது ஒலி அலைகள் ஒன்றையொன்று மோதி அடங்குகின்றன. இதன் எதிரி தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் கிளம்புகிறது. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால், சூடேறாத சைலன்ஸருக்குள் அது தங்கி உள்ளிருந்தே துரு பிடிக்கும். வெளியே பளபள, உள்ளே காலி. ஆறியபின் கையால் தட்டிப் பாருங்கள். கலகலவென்றால் உள்தகடு கழன்றுவிட்டது. சிலவற்றின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளை இருக்கும். ஓட்டை என்று நினைத்து அதை வெல்டிங் வைத்து அடைக்காதீர்கள்.

சைலன்ஸரைத் தாங்கும் ரப்பர் அறுந்தால் நம் ஊர் வைத்தியம் என்ன? கட்டுக்கம்பி! ரப்பர் உதறலை விழுங்கும். கம்பி அதை அப்படியே தரைத்தகட்டுக்குக் கடத்தும். தரை முழுக்க ஸ்பீக்கர் ஆகிவிடும். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரும் ஆயிலில் ஊறி வெடித்திருந்தால் இதே கதைதான். பாதிப் பேருடைய ரீங்காரம் இந்த ரப்பர்களோடு போய்விடும் என்று அந்த மெக்கானிக் அடித்துச் சொல்கிறார்.

இன்னொரு கோஷ்டி, 'பிக்கப் கூடும்' என்று சைலன்ஸரின் உள்ளேயிருப்பதை வெட்டி எறிகிறது. 1089 சி.சி. எஞ்சினுக்குக் கூடப்போவது சத்தம் மட்டுமே. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, சைலன்ஸர் கட்டாயம் என்கிறது. மனைவியிடம் தப்பினாலும் போக்குவரத்துப் போலீஸிடம் தப்ப முடியாது.

இப்போது ஒட்டலாம் ஷீட்

ஓட்டைகளை அடைத்த பிறகுதான் இது. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும். அந்தச் சுவர் எத்தனை தடிமனாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் சத்தத்தைத் தடுக்காது. ஆகவே மிதிகள், ஒயர்கள், ஸ்டியரிங் ராடு நுழையும் இடங்கள், டிக்கி ரப்பர் எல்லாவற்றையும் பாருங்கள். ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவு. புகை அங்கேயே சுழன்று, டிக்கி இடுக்கு வழியாக உள்ளே வரப் பார்க்கும்.

வெண்கலக் குடத்தைத் தட்டி, உடனே விரலை வைத்தால் ஓசை நின்றுவிடுகிறதல்லவா? ஒட்டும் ஷீட்டின் வேலை அந்த விரலின் வேலைதான். தகட்டை முட்டியால் தட்டுங்கள். 'டங்' என்ற இடத்தில் மட்டும் ஒட்டுங்கள். 'டொக்' என்றால் தேவையில்லை. பரப்பில் கால்வாசி மூடினாலே பெரும்பலன் கிடைக்கும். அதன் மேல் கனமான ரப்பர் விரிப்பும் கம்பளமும் போட்டால் உயர்ந்த சுருதிச் சத்தங்கள் அடங்கும்.

மொட்டைமாடிக்கு ஒட்டும் தார் ஷீட் மலிவுதான். தேனி வெயிலில் இளகி, ஜென்மத்துக்கும் தார் நாற்றம் அடிக்கும். தெர்மக்கோல் எடையில்லாதது, சத்தத்தைத் தடுக்காது, தீயும் பிடிக்கும். மெத்தை ஸ்பாஞ்ச் மழைத்தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு தரையைத் துருவேற்றும்.

இத்தனையும் செய்தாலும் புதிய கார் மாதிரி நிசப்தம் வராது. வரவும் வேண்டாம். பழைய கார் தன் வியாதியைச் சத்தத்தில்தான் சொல்லும். அந்தப் பேச்சு கேட்க வேண்டும், மனைவியின் பேச்சும் கேட்க வேண்டும்.

இரண்டையும் கேட்டு நடப்பவன் வண்டி எங்கும் நிற்காது!