வண்டி இழுக்கிற பக்கம்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 100 மீட்டரைக் கடக்க 6 விநாடி ஆகும். அந்த 6 விநாடியும் அதன் திசை ஒரே ஒரு டிகிரி பிசகியிருந்தால், 100 மீட்டர் முடிவில் வண்டி 1.75 மீட்டர் விலகியிருக்கும். கோவை சரவணம்பட்டியில், சத்தி ரோட்டில், அந்த ஒன்றேமுக்கால் மீட்டருக்குள் ஒரு பைக்கோ, ஓர் ஆட்டோவோ, தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்போ இருக்கும். அப்படியும் நாள் முழுக்க வண்டிகள் காந்திபுரம், கணபதி, சரவணம்பட்டி, கோவில்பாளையம், அன்னூர் என்று வரிசையாகப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஓட்டுகிறவர் கை ஸ்டீரிங் மேல் லேசாகத்தான் பட்டிருக்கிறது. வண்டி இப்படி நேராகப் போவதே பெரிய ஏற்பாடு. அதில் ஏதாவது ஒன்று கெடும்போதுதான் நமக்கு அது தெரியவருகிறது: "வண்டி லெஃப்ட்ல இழுக்குதுங்க."

இதைக் கேட்டவுடன் பலரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "அலைன்மென்ட் பாருங்க." பார்த்த பிறகும் இழுப்பு நிற்காத வண்டிகள் ஏராளம். ஏனென்றால் இழுப்புக்குக் காரணங்கள் பல. அலைன்மென்ட் அவற்றில் ஒன்று மட்டுமே. கைதேர்ந்த மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "எப்பங்க இழுக்குது? சும்மா போறப்பவா, பிரேக் புடிக்கறப்பவா, ஆக்சிலேட்டர் குடுக்கறப்பவா?" பாதி விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

சமன் எங்கே இருக்கிறது

ஒரு டன் எடையுள்ள காரில் ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 250 கிலோ தாங்குகிறது. டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால், தரையைத் தொடும் பரப்பு ஒரு சக்கரத்துக்குச் சுமார் 120 சதுர சென்டிமீட்டர். வண்டி ஓடுவது, நிற்பது, திரும்புவது எல்லாம் இந்த நான்கு சின்னப் பரப்புகள் வழியாகத்தான் நடக்கின்றன. ஓடும்போது முன்சக்கரங்கள் இரண்டும் சும்மா உருள்வதில்லை. ஒவ்வொன்றும் வண்டியைத் தன் போக்கில் திருப்பப் பார்க்கிறது. இடது சக்கரத்தின் முயற்சியும் வலது சக்கரத்தின் முயற்சியும் சம அளவில், எதிரெதிர்த் திசையில் இருப்பதால் ஒன்றை ஒன்று அடித்துவிடுகின்றன. நாம் உணரும் இழுப்பு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே தேட வேண்டியது இடத்துக்கும் வலத்துக்கும் எதில் ஒற்றுமை குலைந்தது என்பதைத்தான்.

கொங்கு நாட்டில் இரட்டை மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. இடது மாட்டின் கயிற்றைப் பிடித்து நடையைத் தளர்த்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். மெதுவாகும் பக்கமே வண்டி திரும்பும் பக்கம். காரில் ஒரு பக்க டயரில் காற்று குறைந்தால் நடப்பதும் இதுவே. காற்றுக் குறைந்த டயர் அதிகம் நசுங்கி நசுங்கி எழுகிறது. அப்படி உருள அதற்குக் கூடுதல் ஆற்றல் செலவாகிறது. அந்தப் பக்கம் பின்தங்குகிறது. வண்டி அங்கே சாய்கிறது. அதனால்தான் எந்தச் சோதனைக்கும் முன்னால், டயர் சூடேறாத காலை வேளையில் நான்கிலும் காற்று பார்ப்பது முதல் வேலை.

சாலை செய்யும் மாயம்

அடுத்து நாம் சந்தேகிக்க வேண்டியது வண்டியை அல்ல, சாலையை. மழைநீர் தேங்காமல் ஓட, சாலையின் நடுப்பகுதியை உயர்த்தி ஓரங்களைத் தாழ்த்திப் போடுகிறார்கள். தார்ச்சாலைக்கு 1.7 முதல் 2.5 சதவீதம் வரை சரிவு வைக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். கண்ணுக்குத் தெரியாத சரிவுதான். ஆனால் 2.5 சதவீதச் சரிவில் ஒரு டன் காரை ஓரத்துக்குத் தள்ளும் விசை 25 கிலோ எடைக்குச் சமம்.

நம் நாட்டில் இடப்பக்கமாக ஓட்டுகிறோம். அன்னூருக்குப் போகும்போதும் நமக்கு இடப்பக்கம் தாழ்வு. திரும்பி வரும்போதும் இடப்பக்கமே தாழ்வு. போகையிலும் வருகையிலும் ஒரே பக்கம் இழுப்பதால், சாலை நிரபராதி, வண்டியில்தான் கோளாறு என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்காவில் அதே சரிவு வண்டியை வலப்பக்கம் தள்ளும். இந்தத் தள்ளலைச் சரிக்கட்டவே முன்சக்கரக் கோணங்களில் இடத்துக்கும் வலத்துக்கும் வேண்டுமென்றே சிறு வித்தியாசம் வைக்கும் வழக்கமும் உண்டு.

சாலையா, வண்டியா என்று பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. ஆளில்லாத அகன்ற மைதானத்தில் ஒரே கோட்டில் மெதுவாகப் போய், அதே கோட்டில் திரும்பி வர வேண்டும். போகும்போது இடமும் வரும்போது வலமும் இழுத்தால் அது தரையின் சரிவு. இரண்டு முறையும் ஒரே பக்கம் இழுத்தால் கோளாறு வண்டியில் இருக்கிறது.

இரண்டு டயரை மாற்றிப் போட்டால்

ரேடியல் டயருக்குள் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கின்றன. தயாரிப்பின்போது அந்தப் பட்டை நடுவிலிருந்து சற்றே ஒதுங்கிவிட்டால், டயரின் ஒரு விளிம்பு மற்றதைவிட விறைப்பாகிவிடும். வெளிப்பார்வைக்கு உருளையாகத் தெரிந்தாலும் அது கூம்பைப் போல உருளும். கூம்பு ஒருபோதும் நேராக உருளாது. புது டயர் போட்ட மறுநாளே இழுப்பு தொடங்கினால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். எந்த அலைன்மென்ட் கோணத்திலும் இது தெரியாது.

சோதனை மிக அழகானது. முன்டயர்கள் இரண்டையும் சக்கரத்தோடு கழற்றி இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர். இழுப்பு அதே பக்கம் நின்றால் டயரை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடலாம். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, விளைவைப் பார்: ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி செய்வதையே ஒரு ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் கொண்டு மெக்கானிக் செய்கிறார். டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் இந்த மாற்றத்தைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு பழையபடி மாட்டிவிட வேண்டும்.

பிரேக்கின் இரு முகங்கள்

பிரேக் கோளாறு இரண்டு விதமாக இழுக்கும், இரண்டும் நேரெதிர். பிரேக் பேடை டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பர் துருப்பிடித்து இறுகிக்கொண்டால், காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்கை விடாது. ரப்பர் பிரேக் ஹோஸ் உள்ளே உப்பிப்போனாலும் அப்படித்தான்: மிதிக்கும் அழுத்தம் உள்ளே போகும், திரும்பி வராது. அப்போது சும்மா போகும்போதே பிடித்துக்கொண்ட பக்கம் வண்டி இழுக்கும். சமதளத்தில் அதிகம் பிரேக் போடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ரிம்மைத் தொடாமல் அருகில் கை காட்டினாலே ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடிப்பது தெரியும். பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் திம்பம் மலைப்பாதையில் இறங்கி வந்ததும் இதைப் பார்க்கக் கூடாது; அங்கே எல்லாச் சக்கரமும் கொதித்துக் கிடக்கும்.

சும்மா போகும்போது நேராகப் போய், பிரேக் பிடிக்கும்போது மட்டும் இடப்பக்கம் இழுத்தால், பெரும்பாலும் கோளாறு வலப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே பேடில் எண்ணெய் பட்டிருக்கும் அல்லது காலிப்பர் அசையாமல் நின்றிருக்கும். ஒழுங்காக வேலை செய்யும் பக்கம்தான் வண்டியை இழுக்கிறது.

இந்த ஆபத்தைப் பொறியாளர்கள் கோணக் கணக்கால் வென்றிருக்கிறார்கள். 1972-இல் வந்த ஆடி 80 காரில், ஸ்டீரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் இடத்தை டயரின் நடுக்கோட்டுக்குச் சற்று வெளியே தள்ளி வைத்தார்கள். ஒரு பக்கப் பிரேக் அதிகம் பிடித்து வண்டி அந்தப் பக்கம் சாயும்போது, அதே விசை சக்கரத்தை மறுபக்கம் திருப்பிவிடும். கோளாறே தனக்கான திருத்தத்தையும் செய்கிறது.

ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் இழுப்பது வேறு கதை. முன்சக்கரம் இழுத்து ஓடும் கார்களில் எஞ்சினிலிருந்து இரு சக்கரங்களுக்கும் போகும் டிரைவ் ஷாஃப்டுகள் பெரும்பாலும் ஒன்று நீளம், ஒன்று குட்டை. சக்தி கூடும்போது சிறிது இழுப்பது அவற்றின் இயல்பு. ஆனால் அழுத்தினால் ஒரு பக்கமும் விட்டால் மறுபக்கமும் மாறிமாறி இழுத்தால், சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ் தேய்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

கடைசியில்தான் கோணங்கள்

இவ்வளவும் கடந்த பிறகுதான் அலைன்மென்ட் மெஷினுக்கு வேலை. அது மூன்று கோணங்களை முக்கியமாக அளக்கிறது. சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். தலை அதிகம் வெளியே சாய்ந்த பக்கம் வண்டி போகும். ஸ்டீரிங் அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருப்பது கேஸ்டர். வளைவில் திருப்பிய ஸ்டீரிங் தானே நேராவதற்கு இந்தச் சாய்வு பெரிதும் உதவுகிறது. பிரான்சின் ஆர்தர் கிரெப்ஸ் 1896-இலேயே இதைக் காப்புரிமையில் எழுதி வைத்தார். கேஸ்டர் குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். குழியில் வேகமாக விழுந்த சக்கரம் பின்னே தள்ளப்பட்டு லோயர் ஆர்ம் வளைந்தால் கேஸ்டர் குறைந்துவிடும்.

மூன்றாவது டோ, மேலிருந்து பார்க்கையில் சக்கரங்களின் முன்முனைகள் நெருங்கியோ விலகியோ இருப்பது. இழுப்புக்கு எல்லோரும் பழி போடுவது இதன் மேல்தான். உண்மையில் முன்சக்கரங்களின் டோ பிசகை ஓட்டத்தில் இரு பக்கமும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. அது டயரைத் தின்னும், ஸ்டீரிங்கைக் கோணலாக நிறுத்தும். ஆனால் பெரும்பாலும் இழுப்பதில்லை. பின் ஆக்சில் கோணலானால்தான் வண்டியே சாய்ந்து ஓடும். நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரித் தொழிலில் இருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்: லீஃப் ஸ்பிரிங்கில் சென்டர் போல்ட் முறிந்து ஆக்சில் ஒரு பக்கம் பின்னே நகர்ந்த லாரி, பின்னாலிருந்து பார்த்தால் நண்டு போகிற மாதிரிக் குறுக்காகப் போகும்.

காற்று, சாலை, டயர், பிரேக், தேய்ந்த மூட்டுகள், கடைசியாகக் கோணங்கள் என்ற இந்த வரிசையில் முதல் இரண்டுக்கும் செலவு ஏறக்குறைய இல்லை. புஷ்ஷும் பால் ஜாயிண்டும் ஆடிக்கொண்டிருக்கும்போது கோணம் வைப்பது வீண், அடுத்த குழியில் அது மாறிவிடும். மாதக்கணக்காக மெல்ல வளர்ந்த இழுப்புக்கு இந்த வரிசையில் நிதானமாகப் போகலாம். நேற்றுவரை நேராக ஓடிய வண்டி இன்று திடீரென இழுத்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. காற்று இறங்கும் டயரும், விடாத பிரேக்கும், கழலப் பார்க்கும் பால் ஜாயிண்டும் அந்த ஒரே மொழியில்தான் எச்சரிக்கும். அப்போது ஓரமாக நிறுத்தி, இறங்கிப் பார்ப்பதுதான் முதல் பழுதுபார்ப்பு.