முதிய பிராயத்தில் உடற்பாரம் குறைத்தல்

தறியில் நெய்வோருக்கும் வயலில் உழைப்போருக்கும் உடற்பருமன் ஒரு பிணியாகுமோ என்று நம் அங்கத்தினரில் சிலர் வியக்கக்கூடும். உழைப்பவன் உடலில் கொழுப்பு தங்காது என்பது நெடுநாளாக வழங்கிவரும் எண்ணம். தேக உழைப்பு முழுமையாக இருந்த காலத்துக்கு அது பொருந்தியது. குழித்தறியில் அமர்ந்து, காலால் மிதியையும் கையால் நாடாவையும் நாள் முழுதும் இயக்கியவர்களில் பலர், இன்று விசைத்தறிகளுக்கு நடுவே நின்று அறுந்த இழையைப் பிணைக்கிறார்கள். கவலை இறைத்த கிணற்றில் மின் இறைப்பான் ஓடுகிறது. ஏர் சென்ற வயலில் டிராக்டர் செல்கிறது. இடுப்பை ஒடித்த உழைப்பு குறைந்தது நல்லதே. அதைக் குறைகூறுவார் எவரும் இலர். ஆனால் உழைப்பு குறைந்த அளவுக்கு இலையில் விழும் சோறு குறையவில்லை. வயது அறுபதைத் தாண்டித் தறியையும் நிலத்தையும் மக்களிடம் ஒப்படைத்த பின்னரும், பழைய பசியின் பழக்கம் நம்மை விட்டு அகலுவதில்லை.

இதன் விளைவுகளை ஒவ்வோர் ஊரிலும் காண்கிறோம். முழங்கால் வலியால் படியேற இயலாதவர்கள், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்பவர்கள், தரையில் அமர்ந்தால் பிறர் கைகொடுத்தாலன்றி எழ முடியாதவர்கள் பெருகியுள்ளனர். முதுமையில் பிறருக்குப் பாரமாகாமல் தம் காலால் நடமாட வேண்டுமென்பதே யாவரது விருப்பமும். அவ்விருப்பம் நிறைவேற வேண்டுமாயின் இரண்டு காரியங்கள் ஒருங்கே நடைபெற வேண்டும். ஒன்று, கொழுப்பைக் குறைத்தல். மற்றொன்று, தசையைக் காத்தல். முதலாவதை மட்டும் செய்து இரண்டாவதை மறப்பவர் மெலிவார்; ஆனால் வலுவையும் இழப்பார். இவ்விரண்டையும் சேர்த்துச் செய்யும் வகையை இங்கு விளக்க முற்படுகிறோம்.

உடலின் வரவு செலவு

சங்கத்தின் பேரேட்டை அறிந்தவர்களுக்கு உடலின் கணக்கை விளக்குவது எளிது. உண்ணும் உணவு வரவு. மூச்சும் இதயத் துடிப்பும் உழைப்பும் செலவு. வரவில் மிஞ்சியது கொழுப்பாக இருப்பில் சேர்கிறது. இக்கணக்கைக் கலோரி என்னும் அளவையால் எழுதுவர். மாச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும். எண்ணெயும் நெய்யும் கிராமுக்கு 9 கலோரி தரும். உடலில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும்.

ஒருவர் நாள்தோறும் நான்கு முறை தேநீர் அருந்துகிறார் என்றும், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை இடுகிறார் என்றும் கொள்வோம். தேக்கரண்டி 5 கிராம் ஆனால் நாளொன்றுக்கு 40 கிராம். ஆண்டுக்கு 14 கிலோவுக்கு மேல். அதாவது, தேநீர் வழியாகவே ஆண்டுக்கொரு சிறு மூட்டைச் சர்க்கரை ஒருவர் உடலுக்குள் செல்கிறது. வெல்லமும் கருப்பட்டியும் இட்டாலும் கணக்கு பெரிதும் மாறுவதில்லை.

தேநீரில் சர்க்கரையை அறவே விட்டால் நாளொன்றுக்கு 160 கலோரி மீதமாகும். உலையில் இடும் அரிசியில் ஆளுக்கு 50 கிராம் குறைத்தால் இன்னும் 175 கலோரி குறையும். இவ்விரண்டையும் சேர்த்து 30 நாளுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 10,000 கலோரி ஆகிறது. உடல் மெலிய மெலியத் தன் செலவையும் சுருக்கிக்கொள்வதால் ஏட்டில் கண்ட அளவு முழுதும் கிட்டாது. எனினும் மாதம் ஒரு கிலோ குறைந்தாலும் முதியோருக்கு அது போதும். அதைவிட வேகம் வேண்டுவதில்லை.

எவர் குறைக்க வேண்டும்?

எடையைக் காட்டிலும் இடுப்பின் சுற்றளவு நல்ல சாட்சி. துணி அளக்கும் நாடா ஒன்றே இதற்குப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளிவிட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இந்தியருக்கு வகுக்கப்பட்ட எல்லை. இவை ஏறத்தாழ முப்பத்தைந்தரை அங்குலமும் முப்பத்தொன்றரை அங்குலமும் ஆகும். கைகால்கள் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பது நம்மவரிடம் பெரிதும் காணப்படும் தோற்றம். வயிற்றினுள் சேரும் கொழுப்பே நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் மிகுதியாக வழிவகுப்பதாகும்.

எல்லையைக் கடந்தவர்கள் இளமையில் இருந்த எடைக்குத் திரும்ப வேண்டுமென்பதில்லை. இருக்கும் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு குறைந்தாலே பெரும்பயன் உண்டு. 70 கிலோ உள்ளவருக்கு இது மூன்றரை முதல் ஐந்து கிலோ வரையாகும்.

ஆராய்ச்சிகள் காட்டும் உண்மை

அமெரிக்காவில் நீரிழிவு வரும் நிலையில் இருந்த 3,234 பேரைக் கொண்டு நடத்திய பெரும் ஆய்வு ஒன்றின் முடிவு 2002-இல் வெளியாயிற்று. உணவைத் திருத்தி எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைப்பதும், வாரத்தில் 150 நிமிடம் நடப்பதும் அதில் ஒரு பிரிவினருக்குக் குறிக்கப்பட்ட இலக்கு. அப்பிரிவினரிடையே புதிதாக நீரிழிவு தோன்றுவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. அவர்களுள் அறுபது வயதைக் கடந்தவரிடையே அது 71 பங்கு குறைந்தது. இனி வயதாகிவிட்டது, என்ன பயன் என்று சோர்ந்திருப்போர் இதனை ஊன்றி நோக்க வேண்டும். முதியவர்களே மிகுதியான பயனை அடைந்தனர்.

முழங்கால் வலியைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. மூட்டுத் தேய்வுள்ள முதியோரிடம் செய்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலின்மீது விழும் பாரம் நான்கு கிலோ குறைவதாகக் கண்டனர். ஐந்து கிலோ குறைத்தவர், அடிதோறும் இருபது கிலோ மூட்டையை முழங்காலிலிருந்து இறக்கி வைத்தவர் ஆவார்.

தசையைக் காப்பதன் அவசியத்தை 2011-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு தெளிவாக்கிற்று. உடல் பருத்த, 65 வயதும் அதற்கு மேலும் ஆன முதியோர் அதில் ஓராண்டுக்காலம் பங்குகொண்டனர். உணவை மட்டும் குறைத்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கிய தசை முதலிய உடற்பகுதியில் நூற்றுக்கு ஐந்து பங்கு போயிற்று. உணவோடு பயிற்சியும் செய்தவர்களுக்கு மூன்று பங்கே போயிற்று. நடத்தல், படியேறுதல், பொருளைத் தூக்கி வைத்தல் போன்ற அன்றாடச் செயல்களில் மிகுதியாக முன்னேறியவரும் இரண்டையும் சேர்த்துச் செய்தவரே.

இலையில் செய்ய வேண்டிய மாற்றம்

நாட்டு மக்களின் உணவை ஆராயும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் தமிழகத்தில் பிறந்ததாகும். 1918-இல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிற்று. அந்நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாள் முழுதும் பெறும் கலோரியில் தானியங்களின் பங்கு நூற்றுக்கு 45-ஐத் தாண்டலாகாது என்று கூறியுள்ளது. நம் நாட்டில் அப்பங்கு 50 முதல் 70 வரை இருக்கிறது. தட்டில் பாதி இடம் காய்கறிக்கும் கீரைக்கும் பழத்துக்கும் உரியதென்பதும் அதன் அறிவுரை.

இதனை நம் வீட்டில் நடைமுறைக்குக் கொணர்வது கடினமன்று. சோற்றை முதலில் குவித்துவிட்டு மீதி இடத்தில் கூட்டும் பொரியலும் வைப்பது நம் வழக்கம். அதனை மாற்றி, கீரையும் கூட்டும் ஒரு கிண்ணம் முதலில் உண்டு, பின்னர் சோற்றுக்கு வருக. வயிறு பாதி நிறைந்திருக்கும். இரண்டாம் முறை சோறு கேட்கும் எண்ணம் தானே அடங்கும். கேழ்வரகும் கம்பும் வரகும் நார்ச்சத்து உடையன, நல்லன. ஆயினும் எடைக்கு எடை அவற்றின் கலோரி அரிசிக்கு மிகவும் தாழ்ந்ததன்று. சிறுதானியம் என்னும் பெயரைக் கேட்டு அளவின்றிக் களி உண்பவர் மெலியமாட்டார்.

சோற்றைக் குறைக்கும்போது பருப்பைக் குறைத்தலாகாது. தசைக்கு வேண்டிய புரதம் அதில்தான் இருக்கிறது. முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதம் நாள்தோறும் வேண்டுமெனக் கொள்ளலாம். பருப்பு, கொள்ளு, பயறு ஆகியவற்றில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவில் புரதம் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம் உண்டு. மோர், சுண்டல், மீன் ஆகியனவும் ஏற்றவை. பருப்புக் கரையாத தெளிந்த சாம்பாரை நம்பியிருப்பது போதாது. சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை வைத்தியரைக் கேட்டே வரையறுக்க வேண்டும்.

எண்ணெய் விஷயத்திலும் கணக்கு வேண்டும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு மாதம் மூன்று லிட்டர் போதுமானது. பண்டகசாலையில் வாங்கும்போதே அளவை வரையறுத்துவிட்டால், அடுப்படியில் கை தானே அடங்கும். தேநீர்க் கடையில் தேநீருடன் உண்ணும் வடையும் போண்டாவும் இக்கணக்கில் ஏறாமல் உடலில் ஏறுவன என்பதை ஆடவர் நினைவிற்கொள்க. மீந்த சோறு வீணாகலாகாது என்று கடைசியில் தாமே உண்டு தீர்க்கும் தாய்மார்கள், அடுத்த வேளை உலையில் ஒரு பிடி குறைத்திடுவதே சிக்கனம் என்பதை உணர்வார்களாக.

பட்டினி கிடந்து மெலிய முயல்வது முதியோருக்குத் தகாது. அதனால் கொழுப்போடு தசையும் கரையும். தலைச்சுற்றலும் வீழ்ச்சியும் நேரக்கூடும்.

மென்மையான பயிற்சி

உடலை அசைத்துச் செய்யும் தொழிலுக்கும் அமர்ந்து செய்யும் தொழிலுக்கும் உள்ள வேறுபாட்டை, லண்டன் நகரப் பேருந்துத் தொழிலாளரிடையே ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். மாடிப் பேருந்துகளில் நாளெல்லாம் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட, அமர்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு இதய நோய் மிகுதி என்று 1953-இல் அவர் குழுவினர் வெளியிட்டனர். அவர்களுக்குத் தைத்த சீருடைகளை ஆராய்ந்தபோது, ஓட்டுநரின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்ததையும் 1956-இல் காட்டினர். ஒரே நிறுவனத்தில் பணிபுரிந்தவரிடையே இவ்வளவு வேறுபாடு. தார் சுற்றுவோரும், கணக்கெழுதுவோரும், கடையில் அமர்வோரும் இதனைக் கருத வேண்டும்.

வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவித்துள்ளது. நாளொன்றுக்கு 30 நிமிடமாக ஐந்து நாள் நடந்தால் இது நிறைவேறும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியலாகாது. அதுவே வேகத்தின் அளவு. ஒரே வேளையில் நடக்க இயலாதவர் உணவுக்குப் பின் பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை நடக்கலாம். உண்டபின் நடப்பது இரத்தச் சர்க்கரை ஏறுவதையும் தடுக்கும்.

நடையோடு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைப் பயிற்சியும் வேண்டும். முதலாவது, நாற்காலியிலோ திண்ணையிலோ அமர்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து மீண்டும் அமர்தல். ஐந்து முறையில் தொடங்கிப் பத்து முறை வரை உயர்த்தலாம். இரண்டாவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல். மூன்றாவது, சுவரிலிருந்து ஒரு முழம் விலகி நின்று, இரு கையையும் சுவரில் ஊன்றி முழங்கையை மடக்கி நீட்டுதல். நான்காவது, பிடிமானத்தின் அருகே ஒற்றைக் காலில் சில நொடி நிற்றல். இது கீழே விழாமல் காக்கும். இவற்றுக்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

இன்சுலின் போட்டுக்கொள்வோரும் நீரிழிவு மாத்திரை உண்போரும் சோற்றைக் குறைக்குமுன் வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும். மருந்தின் அளவு மாறாமல் உணவு மட்டும் குறைந்தால், சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். நடக்கும்போது மார்பு இறுகினாலோ, வழக்கத்துக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்க. எவ்வித முயற்சியும் இன்றி ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால் அது மகிழ்ச்சிக்குரியதன்று. உள்ளே மறைந்துள்ள நோயின் அறிகுறியாக இருக்கலாம். அத்தகையோர் காலந்தாழ்த்தாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

தனியொருவர் செய்யும் தீர்மானம் தளர்வதுண்டு. பலர் கூடிச் செய்தால் நிலைக்கும். இது கூட்டுறவின் முதற்பாடம். சங்க அலுவலகத்தில் ஓர் எடைக்கருவியும் ஓர் அளவு நாடாவும் வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. கூலி பெறும் நாளிலோ விளைபொருள் கொணரும் நாளிலோ, விருப்பமுள்ள மூத்த அங்கத்தினர் மாதம் ஒருமுறை தம் எடையையும் இடுப்பளவையும் ஒரு சிறு குறிப்பேட்டில் பதிந்துகொள்ளலாம். மாலையில் நால்வர் சேர்ந்து பாவடி வரையிலோ வாய்க்கால் கரை வரையிலோ நடந்துவரலாம். ஊடையும் பாவும் போல உணவும் உழைப்பும் ஒத்து அமைந்தால்தான் உடல் என்னும் துணி உறுதியாக இருக்கும். நம் மூத்த அங்கத்தினர்கள் இம்மாதமே தம் இடுப்பை அளந்து, தேநீர்ச் சர்க்கரையிலிருந்து இம்முயற்சியைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.