பிரவுசருக்குள் பைத்தான் எப்படி ஓடுகிறது?

முகப்பேரில் எங்கள் எதிர்வீட்டுப் பையனின் பழைய லேப்டாப்பில் பைத்தானே கிடையாது. ஆனாலும் பிரவுசரில் ஒரு கட்டத்துக்குள் நிரல் எழுதி ஷிஃப்ட்-என்டர் தட்டுகிறான். கீழே வரைபடம் வந்து நிற்கிறது. எப்படி?

பிரவுசர் வெறும் தாள்தான். எழுதியதெல்லாம் எங்கோ ஒரு சர்வரில் இருக்கும் 'கெர்னல்' என்ற நிரலுக்குப் போய், விடையாகத் திரும்புகிறது. 2014-இல் தொடங்கிய ஜூபிட்டர் திட்டத்தின் நோட்புக் அமைப்பு இது. ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று மொழிகளையும் சேர்த்துப் பிசைந்த பெயர்.

ஒரே சர்வரில் நூறு பேர் எழுதினால் ஒருவர் கோப்பை இன்னொருவர் அழித்துவிட மாட்டாரா? அதற்குத்தான் கன்டெய்னர். அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து துறைமுகத்துக்கு லாரியில் போகுமே, அந்தப் பெட்டி மாதிரிதான். பைத்தானும் அதற்கு வேண்டிய நூலகங்களும் உள்ளே. ஆனால் பெட்டிக்கொரு தனி இயங்குதளம் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே லினக்ஸ். அதன் 'நேம்ஸ்பேஸ்' வசதி பக்கத்துப் பெட்டியைக் கண்ணில் காட்டாது. 'சிகுரூப்' நினைவகத்தை அளந்து கொடுக்கும். முழு இயங்குதளத்தைக் கிளப்பும் வேலை இல்லாததால் நொடிகளில் திறக்கிறது.

இப்படிப் பெட்டிக்குள் நோட்புக்கைத் திறந்து தரும் பைண்டர் என்ற இலவசச் சேவையில் சுமார் பத்து நிமிடம் தொடாமல் விட்டால் பெட்டியையே கலைத்துவிடும். அதில் எழுதிக்கொண்டிருந்த பையன் கோப்பை இறக்கி வைக்காமல் டீ குடிக்கப் போனான். திரும்பி வந்து, "அம்மா, கரண்ட் போச்சா?" என்றான்.