வட்டத்தை வெட்டினால் பரப்பு

மேலே உள்ள மரத்தட்டின் விட்டம் 14 அங்குலம். அதை 12 ஆப்புகளாக அறுத்து, ஆறை மேல்நோக்கியும் ஆறைக் கீழ்நோக்கியும் பல்லோடு பல் கோத்து வைத்திருக்கிறோம். இப்படிக் கிடைக்கும் செவ்வகம் போன்ற வடிவின் நீளம் அரைச் சுற்றளவு, ஏறத்தாழ 22. அகலம் அரை விட்டம், 7. பரப்பு 154 சதுர அங்குலம். விளிம்பைத் தடவிப் பாருங்கள், அலை அலையாக இருக்கும். துண்டுகள் கூடக் கூட அலை தணியும்.

1545இல் கணேச தைவக்ஞர், லீலாவதி என்னும் கணித நூலுக்கு எழுதிய உரையில், வட்டத்தை இப்படி வெட்டிக் கோத்துத்தான் பரப்பை விளக்கினார். தமிழ்க் கணித நூலான கணக்கதிகாரத்தில் இதே விதி உண்டு: அரை விட்டத்தை அரைச் சுற்றால் பெருக்கு. சூத்திரமாக மனப்பாடம் செய்ய எளிது. பொதட்டூர்பேட்டையில் நெசவுக்குப் பாவு ஓட்டுபவருக்கும் டிரம்மின் சுற்றளவு தெரிந்தால் போதுமே, அது ஏன் அவ்வளவு என்று யார் கேட்கப்போகிறார்கள்?

லீலாவதியை எழுதிய பாஸ்கரர் கேட்டார். 12ஆம் நூற்றாண்டில், தம் பீஜகணிதத்தில், நிரூபணம் இருவகை என்கிறார்: வடிவத்தால் ஒன்று, எண்ணளவால் மற்றொன்று. வடிவம் பிடிபடாதவருக்கு மற்றதைக் காட்டலாமாம். வடிவமா எண்ணளவா என்று அவருக்குச் சண்டையே இல்லை.

ஐரோப்பாவில் அது சண்டையாயிற்று. 1637இல் தெக்கார்த் வளைகோடுகளைச் சமன்பாடுகளாக்கினார். இயற்கணிதத்தில் கைதேர்ந்த நியூட்டனோ, 1687இல் வெளியிட்ட பிரின்சிபியாவைப் பெரும்பாலும் வடிவியல் நடையிலேயே எழுதினார். அதைப் படித்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.