“1” இல்லாவிட்டால் ஓட்டு காலி! எம்.பி.க்களும் தப்ப முடியாது

2025-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந்தேதி துணை ஜனாதிபதி தேர்தல் நடந்தது. ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் எம்.பி.க்கள். பதிவான ஓட்டு 767. அதில் 15 ஓட்டு செல்லாது! திருப்பூர்க்காரரான சி.பி.ராதாகிருஷ்ணன் 452 ஓட்டு வாங்கி ஜெயித்தார். எதிர்த்து நின்ற சுதர்சன் ரெட்டிக்கு 300.

“சட்டம் போடுகிறவங்களுக்கே ஓட்டுப் போடத் தெரியலையா?” என்று கேட்கத் தோன்றும். விஷயம் அவ்வளவு லேசானது அல்ல. இந்தத் தேர்தலில் பட்டனும் கிடையாது, முத்திரையும் கிடையாது. வேட்பாளர் பெயருக்கு நேரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எண்ணால் எழுத வேண்டும்.

எது செல்லாது?

“1” எங்குமே இல்லை என்றால் செல்லாது. ‘டிக்’ அடித்தாலும் செல்லாது. இரண்டு பேருக்கு “1” போட்டாலும் செல்லாது. ஒரே ஆளுக்கு 1, 2 இரண்டையும் போட்டாலும் செல்லாது. யாருக்கு என்று புரியாதபடி இரண்டு பெயருக்கும் நடுவே “1” விழுந்தாலும் போச்சு! கையெழுத்து மாதிரி, போட்டவரைக் காட்டிக் கொடுக்கும் அடையாளம் இருந்தாலும் அதே கதிதான்.

இதில் ஒரு வேடிக்கை. தமிழ் எண்ணில் “௧” என்று எழுதினால் செல்லும். “ஒன்று” என்று எழுத்தால் எழுதினால் செல்லாது! “2”, “3” போடாமல் விட்டால் பரவாயில்லை. “1” சரியாக இருந்தால் ஓட்டு பிழைத்துக் கொள்ளும்.

பேனாவால் வந்த வினை

எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடும் டெல்லி மேல்-சபை தேர்தலும் இப்படித்தான். 2016 ஜூன் மாதம் ஹரியானாவில் காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் பத்துப் பேருக்கு மேல் போட்ட ஓட்டு தள்ளுபடி ஆனது. காரணம், அதிகாரி கொடுத்த பேனாவை விட்டு வேறு பேனா! அவர்கள் ஆதரித்த வேட்பாளர் தோற்றார். 2017 ஜனாதிபதி தேர்தலில் தேர்தல் கமிஷனே ஊதா மை பேனாவைக் கையில் கொடுத்துவிட்டது.

நடுராத்திரி திருப்பம்

2017 ஆகஸ்ட் 8-ந்தேதி குஜராத்தில் 3 மேல்-சபை இடங்களுக்குத் தேர்தல். 176 எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டார்கள். மேல்-சபை தேர்தலில் ஓட்டுச் சீட்டை சொந்தக் கட்சி ஏஜெண்டுக்குத்தான் காட்டலாம். காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் 2 பேர் வேறு கட்சிக்காரருக்குக் காட்டியதாகப் புகார் கிளம்பியது. தேர்தல் கமிஷன் வீடியோவைப் போட்டுப் பார்த்தது. நடுராத்திரி நெருங்கும் வேளையில் “இரண்டும் செல்லாது” என்று தீர்ப்புச் சொன்னது.

இப்போது கணக்கைப் பாருங்கள். இடம் 3. அதோடு 1 கூட்டினால் 4. செல்லும் ஓட்டை 4-ஆல் வகுத்து, வருவதைத் தாண்டினால் ஜெயம். 176 ஓட்டு என்றால் 45 வேண்டும். 174 என்றால் 44 போதும்.

காங்கிரஸ் வேட்பாளர் அகமது படேல் வாங்கியது எத்தனை தெரியுமா? சரியாக 44!

அந்த இரண்டு ஓட்டும் நின்றிருந்தால், முதல் எண்ணிக்கையில் அவர் ஒரு ஓட்டுக்குத் தவித்திருப்பார். செல்லாத ஓட்டுதானே என்று யாரும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். போகிறபோது அது வெற்றிக் கணக்கையே மாற்றி எழுதிவிட்டுப் போய்விடும்!