வாடகைக்கு ஒரு கூரை – 14: மருந்துக்கு அனுமதி, வீட்டுக்குள் தடை

1975 ஆகஸ்ட். வாஷிங்டன் நகரத்தில் ஒரு வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்திலும் முன்பக்க ஜன்னல்களிலும் சில செடிகள் வளர்ந்து நின்றன. போலீஸ்காரர்கள் கண்ணில் அவை பட்டன. கஞ்சாச் செடிகள். அங்கே குடியிருந்த ராபர்ட் ராண்டல் மீது வழக்குப் பதிவானது.

ராண்டலுக்கு கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும் நோய். சில வருஷங்களில் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அழுத்தம் கூடும் மாலைகளில் தெருவிளக்கைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரியும் அவருக்கு. ஓர் இரவு கஞ்சா புகைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தார். விளக்கு இருந்தது, வளையத்தைக் காணோம். செடிகள் அந்த வீட்டுக்கு வந்தது அப்படித்தான்.

1976-இல் நீதிமன்றம் 'மருத்துவ அவசியம்' என்ற வாதத்தை ஏற்று அவரை விடுவித்தது. அதைவிடப் பெரிய திருப்பம், அமெரிக்க மத்திய அரசே அவருக்குக் கஞ்சா கொடுக்கத் தொடங்கியது. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் அரசுக்காக விளைந்த செடி, சிகரெட்டாகச் சுருட்டப்பட்டு, தகர டப்பாவில் அடைத்து வந்தது. டப்பாவுக்கு 300 சிகரெட். எலும்பு நோயாளியான இர்வின் ரோசன்ஃபெல்ட் என்ற பங்குத் தரகருக்கும் 1982 முதல் அந்த டப்பா வந்தது. 1992-இல் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதை அரசு நிறுத்திக்கொண்டது. பழைய சிலருக்கு மட்டும் தொடர்ந்தது.

இந்தத் தகர டப்பாவை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இதே அரசுதான், தான் பணம் போட்டு நடத்தும் வீடுகளின் வாசலில், டாக்டரின் கையெழுத்தோடு வந்து நிற்கும் நோயாளியைக் கஞ்சாவைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்புகிறது.

சென்ற வாரம் அமெரிக்காவின் வாடகை உதவித் திட்டங்களைப் பார்த்தோம். குடும்பம் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை வாடகையாகக் கட்ட, மீதியை அரசு கட்டும் 'செக்‌ஷன் 8' திட்டத்தையும், அரசே கட்டிவைத்த பொதுக் குடியிருப்புகளையும் பார்த்தோம். இந்த வாரம் அதே கதவுகளைத் தட்டும் நோயாளிகள்.

1996 நவம்பரில் கலிஃபோர்னியா மக்கள் 'ப்ரொப்பசிஷன் 215'-க்கு வாக்களித்து, நோயாளிகள் டாக்டரின் பரிந்துரையோடு கஞ்சா பயன்படுத்தலாம் என்றார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயாளிகள் கொத்துக் கொத்தாக இறந்துகொண்டிருந்த காலம் பெற்ற சட்டம் அது. சாப்பாடு இறங்காமல், இறங்கியதும் தங்காமல் உருகிப்போனவர்களுக்குக் கஞ்சா பசியைத் திருப்பிக் கொடுத்தது. அந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய டென்னிஸ் பெரோனின் துணைவரே 1990-இல் எய்ட்ஸுக்குப் பலியானவர். அதன்பின் ஒரேகான், வாஷிங்டன் மாநிலம், மெய்ன் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, இன்று 35-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் மருத்துவக் கஞ்சா சட்டம் இருக்கிறது.

மாநிலம் ஒன்று சொல்ல, மத்தியச் சட்டம் வேறு சொன்னது. 1970-ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து முதல் அட்டவணையில் வைத்தது. முதல் அட்டவணை என்றால், ஏற்கத்தக்க மருத்துவப் பயன் எதுவும் இல்லை என்று பொருள். அதனால் டாக்டர் கொடுப்பது மருந்துச் சீட்டு அல்ல, 'இவருக்குப் பயன்படலாம்' என்ற பரிந்துரை மட்டும். அப்படிப் பரிந்துரைப்பது டாக்டரின் பேச்சுரிமை என்று 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னதால்தான் டாக்டர்களாவது தப்பித்தார்கள்.

நோயாளிகள் தப்பவில்லை. 2002 ஆகஸ்டில் வடக்குக் கலிஃபோர்னியாவில் டயான் மான்சன் என்ற பெண்ணின் வீட்டுக்கு உள்ளூர்ப் போலீஸும் மத்திய போதைத் தடுப்பு அதிகாரிகளும் சேர்ந்து வந்தார்கள். கடுமையான முதுகுவலிக்காக அவர் வளர்த்தது ஆறு செடிகள். மாநிலச் சட்டப்படி எல்லாம் சரி என்று உள்ளூர்ப் போலீஸ் சொல்லிவிட்டது. மூன்று மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் மத்திய அதிகாரிகள் ஆறு செடிகளையும் பிடுங்கி அழித்தார்கள். அவரும் ஏஞ்சல் ரைச் என்ற நோயாளியும் போட்ட வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று மத்திய அரசின் பக்கம் நின்றது. வீட்டில் தனக்காக வளர்த்த ஆறு செடியும் மத்தியச் சட்டத்துக்கு உட்பட்டதே என்பது தீர்ப்பு.

இனி வாடகை வீட்டுக்கு வருவோம்.

மருத்துவக் கஞ்சாவை எங்கே வைத்துப் பயன்படுத்துவது? பெரும்பாலான மாநிலங்களில் பூங்காவிலோ தெருவிலோ கூடாது. காரில் கூடாது. வேலை செய்யும் இடத்தில் பேச்சே இல்லை. மிஞ்சுவது வீடு. அந்த வீடு சொந்தமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். வாடகை வீடானால், கதவுக்குச் சொந்தக்காரர் வேறொருவர். நோய் முற்றியவர்கள் பெரும்பாலும் வேலை இழந்தவர்கள். வேலை இழந்தவர்களுக்குச் சொந்த வீடு ஏது? மருந்தை அதிகம் வேண்டுகிறவர்களிடம்தான் அதை உட்கொள்ள ஓர் அறை இல்லை. இந்தத் தொடரில் எழுதிய விஷயங்களிலேயே என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

அமெரிக்க வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில், முக்கிய ஒப்பந்தத்துக்குப் பின்னால் ஒரு தனித் தாள் இணைத்திருப்பார்கள். அதில் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். 'குற்றமற்ற குடியிருப்பு' இணைப்பு என்பார்கள். 1992-இல் அரிசோனாவின் மேசா நகரப் போலீஸ் தொடங்கிவைத்த திட்டம் இது, பிறகு நாடெங்கும் பரவியது. குடித்தனக்காரரோ, அவர் குடும்பத்தாரோ, வந்து போகும் விருந்தாளியோ வளாகத்திலும் அதன் அக்கம்பக்கத்திலும் போதைப்பொருள் குற்றம் செய்யக் கூடாது, ஒருமுறை மீறினாலே காலி செய்யச் சொல்லலாம் என்பது அதன் சாரம். கீழே தேதி, கையெழுத்து. முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை முடிந்த ஒருவர், மாநிலம் கொடுத்த நோயாளி அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறார். அட்டை மாநிலச் சட்டத்தின் பேச்சு. தாளில் இருக்கிற 'போதைப்பொருள் குற்றம்' என்ற சொல்லுக்கு மத்தியச் சட்டத்தின் பொருளைக் கொடுத்தால், அவர் குடியேறும் நாளிலேயே ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிறார்.

எல்லா மாநிலமும் நோயாளியைக் கைவிட்டுவிடவில்லை. 2010-இல் அரிசோனாவில் மருத்துவக் கஞ்சா சட்டம் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. அட்டை வைத்திருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக வீடு தர மறுக்கக் கூடாது என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஆனால் உடனே ஒரு விதிவிலக்கு: மத்திய அரசிடமிருந்து வீட்டுக்காரருக்கு வரும் பணமோ உரிமமோ பறிபோகும் என்றால் மறுக்கலாம். மிச்சிகனில், புகைப்பதையும் செடி வளர்ப்பதையும் எழுத்து ஒப்பந்தத்தின் மூலம் வீட்டுக்காரர் தடை செய்யலாம் என்று 2016-இல் திருத்தம் வந்தது.

வீட்டுக்காரர்கள் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்பது துளசி வளர்ப்பது போலல்ல. பிரகாசமான விளக்குகள் மணிக்கணக்கில் எரிய வேண்டும், ஈரப்பதம் ஏறும், சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், பழைய மின்கம்பிகள் சூடேறும். வாடை மாடிப்படி முழுக்க நிற்கும். மேல்வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால், கீழ்வீட்டுப் புகை யாருடைய மருந்தானாலும் அதற்குப் புகைதான். புகைக்காதே, செடி வளர்க்காதே என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னால் நான் அவர் பக்கம்தான். பொதுக் குடியிருப்புகளில் சிகரெட்டையே 2018 ஜூலைக்குள் தடை செய்துவிட்டார்களே.

ஆனால் எண்ணெய்ச் சொட்டை நாக்கடியில் விடுகிறவரை, மிட்டாயாகச் சாப்பிடுகிறவரை, எந்த நியாயத்தில் வெளியே அனுப்புவது? புகை இல்லை, வாடை இல்லை. ஒன்று மட்டும் உண்மை: புகைத்தால் சில நிமிஷத்தில் கிடைக்கும் நிவாரணம், சாப்பிட்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை இழுக்கும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளியின் கால் தசை நள்ளிரவில் கட்டை போல இறுகி இழுக்கும்போது அந்த இரண்டு மணி நேரம் மிக நீளம். வாடகை வீட்டில் இருக்கும் நோயாளிகள் எழுந்து, ஈரத்துண்டைச் சுருட்டிக் கதவின் அடி இடுக்கில் திணித்து, ஜன்னலில் மின்விசிறியை வெளிப்பக்கம் பார்க்க வைத்து, புகையை அதை நோக்கி ஊதுகிறார்கள். உடம்பு வலியோடு, யாராவது மோப்பம் பிடித்துவிடுவார்களோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லலாமா? தனியார் வீட்டில், உடல்நலக் குறைவைப் பற்றி வீட்டுக்காரர் கேட்கவே கூடாது என்பது பொதுவான விதி. அதனால் பலரும் வாயைத் திறப்பதில்லை. சொல்லத் துணிகிறவர்கள், வாய்ப்பேச்சை நம்பாமல், புகைக்காத வடிவத்தில் பயன்படுத்த அனுமதி உண்டு என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்குவது நல்லது. நிர்வாகம் கை மாறினாலும் அந்த வரி நிற்கும். அரசு உதவி பெறும் வீட்டுக்கு மனுப் போடும்போது மௌனத்துக்கு இடமில்லை. சட்டவிரோதப் போதைப்பொருள் பயன்படுத்துகிறீர்களா என்ற கேள்வி வரும். உண்மை சொன்னால் வீடு இல்லை. மறைத்தால், பொய்த் தகவல் கொடுத்தது தனிக் குற்றம்.

அந்தக் கேள்விக்கு வேர் 1998-ஆம் ஆண்டின் சட்டம். வீட்டில் ஒருவர் சட்டவிரோதப் பொருளைப் பயன்படுத்தினாலும் அந்தக் குடும்பத்தைச் சேர்க்கக் கூடாது என்று அது கட்டளை இடுகிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் அதிபர் கிளின்டன், பொதுக் குடியிருப்பில் ஒரு தவறு செய்தாலே வெளியேற்றம் என்று முழங்கியிருந்தார். 2002-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஓக்லண்ட் வழக்கில், இரண்டு மூத்த பெண்களின் பேரன்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் கஞ்சா புகைத்தார்கள் என்று பாட்டிமாரைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். பாட்டிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, வெளியேற்றலாம் என்று 8 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். போதை விற்பனைக் கும்பல்களை விரட்ட எழுதிய சட்டங்கள் இவை. நோயாளியும் அதே வலையில் சிக்கினார்.

ஊனமுற்றோருக்கான சட்டம் கைகொடுக்காதா? சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைக்க விட வேண்டும். நாயே கூடாது என்ற கட்டடத்திலும் பார்வையற்றவரின் வழிகாட்டி நாயை அனுமதிக்க வேண்டும். வீட்டு விதியை நோயாளிக்காக வளைத்துக் கொடுப்பது அங்கே கடமை. ஆனால் 1988-இல் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தைத் திருத்தியபோதே, கட்டுப்படுத்தப்பட்ட பொருளைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்துவது 'ஊனம்' என்பதில் சேராது என்று எழுதிவிட்டார்கள். இதைக் கொண்டே 2011-இல் மத்திய அரசின் வீட்டுவசதித் துறை, மருத்துவக் கஞ்சாவுக்காக விதியை வளைக்க முடியாது, புதிதாக வருகிறவரைச் சேர்க்க முடியாது, ஏற்கெனவே குடியிருப்பவரை வெளியேற்றுவதா வேண்டாமா என்பதை மட்டும் அந்தந்த நிர்வாகம் முடிவு செய்துகொள்ளலாம் என்று சுற்றறிக்கை விட்டது. 2014-இல் மிச்சிகனில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள ஒரு பெண்ணின் வழக்கிலும் மத்திய நீதிமன்றம் இதையே சொன்னது. அதே வருஷம் டிசம்பரில் நாடாளுமன்றம், மாநில மருத்துவக் கஞ்சா சட்டங்களில் தலையிட மத்திய நீதி அமைச்சகம் பணம் செலவிடக் கூடாது என்று தடுத்தது. அந்தத் தடை வீட்டுவசதித் துறையைத் தொடவில்லை.

ட்ரோனாபினால் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. 1985-இல் அனுமதி பெற்றது. அதில் இருப்பது ஆய்வகத்தில் செய்த டி.எச்.சி., அதாவது கஞ்சாவில் போதை தரும் அதே மூலப்பொருள். டாக்டர் சீட்டு எழுதுவார், மருந்துக்கடையில் வாங்கலாம். அரசுக் குடியிருப்பில் அதை விழுங்கினால் யாரும் எதுவும் கேட்க முடியாது. பக்கத்து வீட்டில் அதே டி.எச்.சி.யைச் செடியிலிருந்து எடுத்த எண்ணெயாக விழுங்குகிறவருக்கு வீடு போகும். கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு மாற்றலாம் என்று நீதி அமைச்சகம் 2024 மே மாதம் முன்மொழிந்தது. அட்டவணையை மாற்றுவதால் மட்டும் இந்த நோயாளிகளின் சிக்கல் தீராது. மூன்றாம் அட்டவணைப் பொருளையும் முறையான மருந்துச் சீட்டு இல்லாமல் வைத்திருப்பது குற்றமே. பரிந்துரை அட்டை சீட்டு ஆகாது.

தீர்வு வேறு இடத்திலிருந்து வர வேண்டும். வாஷிங்டன் நகரத்தின் பிரதிநிதி எலினார் ஹோம்ஸ் நார்ட்டன், மாநிலச் சட்டம் அனுமதிக்கும் கஞ்சாவை அரசு உதவி பெறும் வீடுகளிலும் அனுமதிக்க வேண்டும் என்று 2018-இல் மசோதா கொண்டுவந்தார். பிறகும் கொண்டுவந்தார். அவர் நகரத்தில் பொது இடத்தில் கஞ்சா புகைப்பது குற்றம், அரசுக் குடியிருப்பிலோ வீட்டுக்குள்ளேயே கூடாது. ராண்டலின் ஜன்னலில் செடிகள் நின்ற அதே நகரம்தான். ஆனால் நார்ட்டனுக்கு அவையில் பேச இடம் உண்டு, சட்டங்களின் மீது இறுதி வாக்களிக்க உரிமை கிடையாது. வாஷிங்டன் நகரம் ஒரு மாநிலம் அல்ல என்பதால்.

இதற்கிடையில் பென்சில்வேனியாவில் ஓர் எளிய பெண், நாட்பட்ட வலிக்காக மருத்துவக் கஞ்சா அட்டை வைத்திருந்ததால் 'செக்‌ஷன் 8' உதவி மறுக்கப்பட்டு, மாநில நீதிமன்றம் வரை போனார். 2021-இல் தீர்ப்பு வந்தது. மாநிலச் சட்டப்படி மருந்தாகப் பயன்படுத்தும் ஒருவரை எந்தெந்தச் சூழ்நிலையில் மறுக்கலாம் என்பதற்கு வீட்டுவசதி வாரியம் நியாயமான விதிமுறைகளை வகுக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் மறுக்கக் கூடாது என்றார்கள் நீதிபதிகள். அவருக்கு வீடு கொடு என்று அவர்கள் சொல்லவில்லை. மனு மறுபடி அதே வாரியத்தின் மேசைக்குத் திரும்பிப் போனது.

(தொடரும்)